ராணுவ யூனிட்டின் அமைப்பும் தலைமையும்: வடஆர்க்காட்டு இளைஞர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

பழைய வடஆர்க்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என நான்கு மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டாலும், படைக்கு ஆள் அனுப்பும் வழக்கத்தில் இன்னும் ஒரே மண்ணாகத்தான் இருக்கிறது. கணியம்பாடிக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில், முதல் உலகப் போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றதும் அவர்களில் 14 பேர் உயிர்நீத்ததும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இத்தனை தலைமுறையாகப் பிள்ளைகளை அனுப்பிய பகுதியிலும், யூனிட் என்பது எப்படி அமைந்திருக்கிறது, அதற்குள் யார் யாரை வழிநடத்துகிறார் என்பதைத் தமிழில் விரிவாக எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. ஆள்சேர்ப்புக்கு ஆயத்தமாகும் இளைஞர்களும் அவர்களைப் பெற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

விடுப்பில் வந்தவரைப் பார்த்ததும் ஊர்ப் பெரியவர்கள் "எந்த யூனிட்டப்பா?" என்று முதலில் கேட்பது ஏன்?

தன் ஆட்களுக்கு உணவு, ஆயுதம், விடுப்பு, மருத்துவம், ஆவணம் ஆகிய அனைத்தையும் தானே கவனித்துக்கொண்டு, தனியாகக் களத்தில் இயங்கக்கூடிய அடிப்படைப் படைப்பிரிவே யூனிட் எனப்படும். காலாட்படையில் அது பட்டாலியன். பீரங்கிப் படையிலும் டாங்கிப் படையிலும் அது ரெஜிமெண்ட். ஆனால் காலாட்படையில் ரெஜிமெண்ட் என்ற பெயருக்குப் பொருள் வேறு: பல பட்டாலியன்கள் ஒரே மரபையும் ஒரே பயிற்சி மையத்தையும் பகிர்ந்துகொள்ளும் பெருங்குடும்பம் அது. 1758-ஆம் ஆண்டில் தொடங்கும் வரலாறுடைய மதராஸ் ரெஜிமெண்ட்டுக்கு நீலகிரி வெலிங்டனில் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே பயிற்சி முடித்த சிப்பாய் அந்த ரெஜிமெண்ட்டின் ஏதாவதொரு பட்டாலியனுக்கு அனுப்பப்படுகிறார். அதிகாரிகள் இடையிடையே வேறு பணிகளுக்கு மாற்றப்பட்டாலும், சிப்பாய் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை அந்த ஒரே பட்டாலியனில்தான் கழிக்கிறார். யூனிட் பெயரைச் சொன்னால் போதும், அவர் யாரோடு வாழ்ந்தார், எங்கெங்கே இருந்தார் என்பதை முன்னாள் படைவீரர் ஒருவரால் பெரும்பாலும் ஊகித்துவிட முடியும்.

பட்டாலியனுக்குள் பிரிவுகள் எப்படி அமைந்திருக்கின்றன?

கீழிருந்து தொடங்குவதே தெளிவு. பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனை ஹவில்தார் ஒருவர் நடத்துகிறார்; நாயக் அவருக்கு அடுத்த பொறுப்பில் இருக்கிறார். மூன்று செக்‌ஷன்கள் சேர்ந்தது பிளட்டூன். அதை நாயிப் சுபேதார் அல்லது சுபேதார் நடத்துவார், சில பிளட்டூன்களை இளம் லெப்டினன்ட் நடத்துவார். மூன்று பிளட்டூன்கள் சேர்ந்த கம்பெனியில் ஏறத்தாழ 120 பேர் இருப்பார்கள். அதன் கமாண்டர் வழக்கமாக மேஜர் நிலையில் இருப்பவர். நான்கு ரைஃபிள் கம்பெனிகளோடு, மோர்ட்டார் முதலான கனரக ஆயுதங்களை வைத்திருக்கும் துணைக் கம்பெனியும் நிர்வாகப் பிரிவும் சேரும்போது ஏறத்தாழ 800 பேர் கொண்ட பட்டாலியன் உருவாகிறது. அதன் கமாண்டிங் ஆபீசர், அதாவது சி.ஓ., கர்னல் நிலையில் இருப்பவர். அதற்கு மேல் பிரிகேடியரின் கீழ் பிரிகேட், மேஜர் ஜெனரலின் கீழ் டிவிஷன், லெப்டினன்ட் ஜெனரலின் கீழ் கோர் என்று வரிசை தொடர்கிறது. சிப்பாயின் அன்றாட வாழ்க்கையில் பிரிகேட்டுக்கு மேல் உள்ளவை அரிதாகவே தலைகாட்டும்.

செக்‌ஷனில் பத்தே பேர் இருப்பதற்குக் காரணம் உண்டா?

உண்டு. துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே ஒரு மனிதரின் குரலும் கையசைவும் எத்தனை பேரை எட்டும் என்பதுதான் முதல் அளவுகோல். அதைவிட முக்கியமான இன்னொன்றும் இருக்கிறது. யாருக்கு முழங்காலில் பழைய வலி, யாருடைய வீட்டில் தாய்க்கு உடல்நலமில்லை, யார் இரவுக் காவலில் தடுமாறுகிறார், எவரை முன்னால் அனுப்பினால் பின்னால் வருபவர்கள் துணிவார்கள் என்பதை ஒருவரால் மனத்தில் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கை இவ்வளவுதான். நூற்றிருபது பேரின் பெயரைக் கம்பெனி கமாண்டர் அறிந்திருக்கலாம். அந்தப் பத்துப் பேரின் மூச்சை அறிந்தவர் செக்‌ஷன் ஹவில்தார். களத்தில் சண்டை நடப்பது செக்‌ஷன் அளவில்தான். ஒரு பட்டாலியனின் தரத்தை மதிப்பிட வேண்டுமானால் அதன் ஹவில்தார்களையும் சுபேதார்களையும் பார்க்க வேண்டும் என்பதே இப்பக்கத்தில் சொல்ல வந்த கருத்து. கீழே வரும் விடைகள் பலவும் அதைச் சுற்றியே அமைகின்றன.

பதவியும் பொறுப்பும் ஒன்றுதானா?

இல்லை. ஹவில்தார் என்பது பதவி. கம்பெனி ஹவில்தார் மேஜர் என்பது ஒரு ஹவில்தாருக்குத் தரப்படும் பொறுப்பு. அவர் கம்பெனியின் ஒழுங்கையும் 'ஃபாலின்' (வரிசையில் கூடுதல்) முதல் ரோல்கால் (பெயர் அழைத்துச் சரிபார்த்தல்) வரையிலான அன்றாட ஓட்டத்தையும் கவனிப்பார். குவார்ட்டர் மாஸ்டர் (பொருள் வழங்கலைக் கவனிப்பவர்), அட்ஜுடண்ட் (சி.ஓ.வின் நிர்வாக உதவியாளர்), டூ ஐ.சி. (சி.ஓ.வுக்கு அடுத்த பொறுப்பில் இருப்பவர்) ஆகியவையும் இவ்வாறே அதிகாரிகளுக்குத் தரப்படும் பொறுப்புகள்.

ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷண்ட் ஆபீசர்) என்பவர் அதிகாரியா, சிப்பாயா?

இரண்டுக்கும் நடுவே தமக்கெனத் தனியிடம் உடையவர். நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் ஆகிய மூன்று நிலைகளும் ஜே.சி.ஓ. வகுப்பைச் சேர்ந்தவை. இவர்களில் பெரும்பாலோர் சிப்பாயாகச் சேர்ந்து, லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என்று படிப்படியாக ஏறி, நீண்ட பணிக்காலத்தைத் தாண்டி அந்த நிலையை அடைந்திருப்பார்கள். சிப்பாய்கள் இவர்களை 'சாப்' என்று அழைக்கிறார்கள். அதிகாரிகளும் 'சுபேதார் சாப்' என்று மரியாதையோடுதான் அழைக்கிறார்கள். இந்த அடுக்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படைகளிலிருந்தே தொடர்ந்து வருகிறது. அப்போது ஜமேதார் எனப்பட்ட நிலைக்கு, விடுதலைக்குப் பின் 1965-இல் நாயிப் சுபேதார் என்று பெயர் மாறியது.

பட்டாலியனுக்கு ஒருவராக இருக்கும் சுபேதார் மேஜரின் இடம் தனித்தன்மை வாய்ந்தது. அவருடைய தோளில் இருக்கும் சின்னம் லெப்டினன்ட்டுக்குக் கீழ்ப்பட்டதே ஆனாலும், சி.ஓ.விடம் நேரடியாகச் சென்று, "ஆட்கள் இப்படி நினைக்கிறார்கள்" என்று சொல்லும் உரிமையும் கடமையும் அவருக்கு உண்டு. எண்ணூறு பேரின் மனநிலையைக் கர்னலிடம் கொண்டுசேர்ப்பவர் அவரே.

இந்த நடுப்படியில் நிற்பவர் எத்தகையவராக இருக்கக்கூடும் என்பதற்கு நம் அண்டைப் பகுதியான காஞ்சிபுரத்து மண்ணிலிருந்து சென்ற சுபேதார் சுப்பிரமணியன் சான்று. மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையைச் சேர்ந்த அவர், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடி அகற்றும் குழுவை நடத்திச் சென்றபோது, வெடிக்கவிருந்த கண்ணியின்மேல் தம் உடலைக் கிடத்தித் தம் ஆட்களைக் காப்பாற்றி உயிர்நீத்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. அந்தக் கணத்தில் அவருக்கு யாரும் ஆணையிட்டிருக்க முடியாது.

இருபத்திரண்டு வயது லெப்டினன்ட், தம் தந்தை வயதை நெருங்கும் சுபேதாருக்கு எப்படி ஆணையிட முடியும்?

சட்டப்படி முடியும், நடைமுறையில் அவர் முதலில் கற்றுக்கொள்கிறார். டேராடூனிலோ சென்னை பரங்கிமலையிலோ பயிற்சி முடித்து வரும் இளம் அதிகாரிக்கு வரைபடம் படிக்கவும், திட்டம் வகுக்கவும், ஆயுதங்களை இணைத்துப் பயன்படுத்தவும் தெரியும். ஆனால் இந்த முப்பது பேர் பனியில் எத்தனை நாழிகை தாங்குவார்கள், இந்த ஓடைக்கு அப்பால் ஏன் போன முறை நின்றோம் என்பது சுபேதாருக்குத்தான் தெரியும். நல்ல லெப்டினன்ட் தம் முடிவை அறிவிப்பதற்கு முன் சுபேதாரைத் தனியே அழைத்துக் கேட்பார். நல்ல சுபேதார் தம் மாற்றுக் கருத்தை அந்தத் தனிமையில் ஒளிவின்றிச் சொல்லிவிட்டு, முடிவு அறிவிக்கப்பட்டதும் அதைத் தம் சொந்த முடிவைப் போலவே ஆட்களிடம் நிறைவேற்றுவார். இந்த இரண்டாவது பகுதிதான் கடினமானது. வீட்டிலும் ஊரிலும் வயதில் மூத்தவர் சொல்லுக்கே முதலிடம் தந்து வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றலாம். ஆனால் இங்கே வயதும் அனுபவமும் மதிப்பிழப்பதில்லை. முடிவுக்குப் பொறுப்பேற்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதற்காக அவற்றுக்கு வேறோர் இடம் தரப்படுகிறது.

தலைமை தாங்குபவர் களத்தில் வீழ்ந்துவிட்டால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு நம் மாவட்டத்து மண்ணே இரண்டு முறை விடை எழுதியிருக்கிறது. 949-ஆம் ஆண்டில் அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில், முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் தலைமையில் சோழப் படை இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனை எதிர்த்து நின்றது. கிருஷ்ணனுக்குத் துணையாக வந்த கங்க மன்னன் பூதுகன், யானைமேல் இருந்த இராசாதித்தனைக் கொன்றான். இளவரசன் வீழ்ந்ததும் சோழப் படை குலைந்தது. யானைமேல் துஞ்சினவன் என்று அவனைப் பிற்காலச் சோழர் சாசனங்கள் குறிக்கின்றன. அதன் பின் எண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1749-இல், ஆம்பூரில் ஆர்க்காட்டு நவாப் அன்வாருதீன் கான், சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்த படையை எதிர்த்தார். அவரும் யானைமேல் இருந்தபடியே சுடப்பட்டு இறந்தார். அவருடைய மூத்த மகன் சிறைப்பட்டார், இளைய மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்குத் தப்பினார், படை சிதறியது. இரு களங்களிலும் வீரத்துக்குக் குறைவில்லை. ஆனால் படை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது யானைமேல் தெரிந்த ஒரே மனிதரை. அவர் மறைந்தபோது அடுத்த ஆணை யாரிடமிருந்து வரும் என்பது எவருக்கும் தெரியவில்லை.

இன்றைய யூனிட் அமைப்பு இந்த இடரை முன்கூட்டியே கருதி வகுக்கப்பட்டது. சி.ஓ.வுக்கு டூ ஐ.சி., கம்பெனி கமாண்டருக்கு அடுத்த அதிகாரி அல்லது மூத்த ஜே.சி.ஓ., பிளட்டூன் கமாண்டருக்கு மூத்த ஹவில்தார், செக்‌ஷன் கமாண்டருக்கு நாயக் என்று ஒவ்வோர் இடத்துக்கும் அடுத்தவர் யார் என்பது அமைதிக் காலத்திலேயே தெரிந்திருக்கும். தாக்குதலுக்கு முன் ஆணை விளக்கப்படும்போது, இலக்கும் அதன் நோக்கமும் கடைசிச் சிப்பாய் வரை சொல்லப்படுவதற்கும் இதுவே காரணம். எதற்காக அந்தக் குன்றைப் பிடிக்க வேண்டும் என்பது லான்ஸ் நாயக்குக்குத் தெரிந்திருந்தால்தான், மேலே உள்ள மூவர் வீழ்ந்தபின் அவரால் அந்த வேலையை முடிக்க முடியும். பயிற்சியின்போது, "உன் கமாண்டர் வீழ்ந்தார், இனி நீதான்" என்று உஸ்தாத் (பயிற்றுநர்) திடீரென்று அறிவித்துக் கீழுள்ளவரைச் சோதிப்பது வழக்கம்.

1806-ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சியிலிருந்து படை அமைப்பைப் பற்றி என்ன தெரிந்துகொள்ளலாம்?

நிறையத் தெரிந்துகொள்ளலாம். வேலூர்க் கோட்டைக்குள் சென்று மதிலைப் பார்த்துத் திரும்பும் ஒவ்வோர் இளைஞரும் இந்தக் கோணத்திலும் அதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

அன்று கோட்டையில் 69-ஆம் ரெஜிமெண்ட்டின் நான்கு ஆங்கிலேயக் கம்பெனிகளும், மூன்று மதராஸ் பட்டாலியன்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,500 இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக், சிப்பாய்கள் நெற்றிக்குறி அணியக் கூடாது, தாடி வைக்கக் கூடாது, தோலால் ஆன சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற விதிகளுக்கு வழிசெய்தார். அந்தத் தலைப்பாகை ஆங்கிலேயரின் தொப்பியை ஒத்திருந்ததால், மதமாற்றத்துக்கு முன்னோட்டம் இது என்று சிப்பாய்கள் அஞ்சினர். 1806 மே மாதத்தில் வேலூரிலேயே சிலர் அதை அணிய மறுத்தனர். அது மேலே போய்ச் சேர வேண்டிய செய்தி. ஆனால் மறுத்தவர்கள் சென்னைக்கு அனுப்பப்பட்டு விசாரிக்கப்பட்டனர். ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கிடைத்தது. ஆணை மாறவில்லை. ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், சதி உருவாகிறது என்று கர்னல் ஃபோர்ப்ஸிடம் நேரில் எச்சரித்தார். கர்னல் அதை விசாரிக்கும் பொறுப்பை இந்திய அதிகாரிகள் அடங்கிய குழுவிடமே விட்டார். மனத்தாங்கல் அவர்களுக்கும் இருந்தது. அவர்கள் முஸ்தபா பேக்குக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றனர். சொன்னவர் காவலில் அடைக்கப்பட்டார்.

ஆங்கிலேய அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் நடுவே இருந்த சுபேதார், ஜமேதார் அடுக்கு அதற்குள் முழுமையாகச் சிப்பாய்களின் பக்கம் நின்றுவிட்டது என்பதை அந்த ஒரு நிகழ்ச்சியே காட்டுகிறது. அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. தம் ஆட்களின் உணர்வை மேலே சொல்லும் வாயில் அடைக்கப்பட்ட பின், அவர்கள் தம் மக்களோடு நின்றார்கள். ஜூலை 10 அதிகாலையில் துப்பாக்கிகள் முழங்கின. கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். திப்பு சுல்தானின் கொடி ஏற்றப்பட்டது.

அதன் பின் நடந்ததிலும் அமைப்பைப் பற்றிய பாடம் இருக்கிறது. கோட்டைக்கு வெளியே இருந்த மேஜர் கோட்ஸ் உள்ளே நுழைய இயலாத நிலையில், ஓர் அதிகாரியிடம் கடிதம் கொடுத்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஆர்க்காட்டுக் குதிரைப்படை முகாமுக்கு விரட்டினார். அங்கிருந்த கர்னல் கில்லெஸ்பி சென்னையிலிருந்து உத்தரவு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. கிடைத்த குதிரைவீரர்களோடு புறப்பட்டு, மற்றவர்களும் பீரங்கிகளும் பின்னால் வர வேண்டும் என்று கர்னல் கென்னடியிடம் பொறுப்பை விட்டுச் சென்றார். கோட்டைக்குள் அதிகாரிகளை இழந்த 69-ஆம் ரெஜிமெண்ட்டின் மிச்சப்பேர் மதில்மேல் கூடி நின்றனர். அவர்களைச் சிதறவிடாமல் வைத்திருந்தவர்களில் பிரேடி என்ற சார்ஜெண்ட் ஒருவர், நம் வழக்கில் ஹவில்தாருக்கு இணையானவர். அவர்கள்தான் கில்லெஸ்பியைக் கயிற்றால் மேலே தூக்கினர். மறுபக்கம், சிப்பாய்களிடம் துணிவும் எண்ணிக்கையும் இருந்தன. ஆனால் கோட்டையைப் பிடித்த பின் வாயில்களை யார் காப்பது, மதிலில் எஞ்சியவர்களை யார் எதிர்கொள்வது என்று பகிர்ந்தளிக்கும் ஒரே தலைமை அமையவில்லை. காலையில் பீரங்கிகள் வந்து கதவைத் தகர்த்தபோது எதிர்ப்பு விரைவில் முறிந்தது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். நெஞ்சை வருத்தும் முடிவு அது. மூன்று பட்டாலியன்களும் கலைக்கப்பட்டன. புதிய உடைவிதிகள் கைவிடப்பட்டன. கிராடக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்க்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். மே மாதத்துக் குரல் உரிய செவியை எட்டியிருந்தால் இவ்வளவும் நேர்ந்திருக்காது என்றே நாங்கள் கருதுகிறோம்.

இன்று சிப்பாயின் குறை மேலே செல்ல முறையான வழி இருக்கிறதா?

இருக்கிறது. மாதந்தோறும் நடக்கும் சைனிக் சம்மேளனில் சி.ஓ. எல்லா நிலையினரையும் ஒன்றாகச் சந்திக்கிறார்; குறையை அங்கே எழுந்து சொல்லலாம். அன்றாட நிலையில் செக்‌ஷன் கமாண்டர், பிளட்டூனின் ஜே.சி.ஓ., கம்பெனி கமாண்டர் என்ற வரிசையில் நேர்காணல் கேட்கலாம். சட்டப்படியும் பாதுகாப்பு உண்டு: 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, தமக்கு அநீதி இழைக்கப்பட்டதாகக் கருதும் வீரர் தம் அதிகாரியிடம் முறையிடலாம், புகார் அந்த அதிகாரியைப் பற்றியதே என்றால் அவருக்கு மேலுள்ளவரிடம் முறையிடலாம். அதற்கும் மேல், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையில் இயங்குகிறது. வரிசையைத் தாண்டிச் சமூக ஊடகத்தில் குறையைக் கொட்டுவது ஒழுங்குமீறல். அது சொன்னவருக்கே கேடாக முடியும்.

மேலதிகாரி எதைச் சொன்னாலும் செய்தே தீர வேண்டுமா?

சட்டப்படியான ஆணைக்குத்தான் கீழ்ப்படிதல் கடமை. அத்தகைய ஆணையை வேண்டுமென்றே மீறுவது ராணுவச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி கடுந்தண்டனைக்குரிய குற்றம். 'சட்டப்படியான' என்ற சொல் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது என்பதை இளைஞர்கள் மறக்கக் கூடாது. ஆணையைப் பிறப்பிப்பவரையும் அது கட்டுப்படுத்துகிறது. அதே வேளையில், பிடிக்காத ஆணையும் சட்டவிரோத ஆணையும் ஒன்றல்ல. நள்ளிரவில் பதுங்குகுழி வெட்டச் சொல்வது அலுப்பூட்டலாம், ஆனால் அது வெட்டியே ஆக வேண்டிய குழி.

வீட்டில் ஏதேனும் அவசரம் என்றால் பெற்றோர் யாரிடம் தெரிவிப்பது?

மகனுடைய யூனிட்டுக்குத் தெரிவிக்கலாம். கம்பெனி கமாண்டருக்குச் செய்தி சென்றால் அவசர விடுப்பு பரிசீலிக்கப்படும். நிலத்தகராறு, சான்றிதழ் தாமதம் போன்ற உள்ளூர்ச் சிக்கல்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். பணியில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கும் அந்த அலுவலகம் உதவுகிறது. மகனின் படை எண், பதவி, யூனிட் பெயர் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்திருப்பது அவசியம். ஆனால் மகன் எந்த எல்லைச் சாவடியில் இருக்கிறான், யூனிட் எப்போது இடம் மாறுகிறது என்பவற்றை அக்கம்பக்கத்தில் பேசாதிருக்க வேண்டுகிறோம்.

அக்னிவீரர்களுக்கு இந்த அமைப்பில் எந்த இடம்?

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி நான்கு ஆண்டுகளுக்குச் சேர்பவர்கள், தனிப் பதவி நிலையும் தனிச் சின்னமும் உடையவர்களாக, மற்றப் பதவிகளுக்குக் கீழே வைக்கப்படுகிறார்கள். அன்றாட வேலையில் அவர்களும் அந்தப் பத்துப் பேர் செக்‌ஷனில் ஒருவரே. அவர்களுடைய முதல் தலைவரும் செக்‌ஷன் ஹவில்தாரே. நான்கு ஆண்டு முடிவில் 25 விழுக்காடு வரையிலானோர் நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ஆள்சேர்ப்பில் உடற்தகுதித் தேர்வுக்கு முன்பாகவே இணையவழி எழுத்துத் தேர்வு நடத்தப்படுவதால், ஓட்டத்தில் மட்டும் கவனம் வைத்துப் பாடத்தை விட்டுவிடக் கூடாது.

என்.சி.சி.யில் இருந்தால் தலைமைப் பண்பு வந்துவிடுமா?

தொடக்கம் கிடைக்கும். அணிவகுப்பில் குரல் கொடுக்கவும், முகாமில் இருபது பேருக்கு வேலை பகிர்ந்தளிக்கவும், தன் தவறுக்கு மற்றவர்கள் தண்டனை பெறுவதைப் பார்த்துப் பொறுப்பை உணரவும் அங்கே வாய்ப்பு உண்டு. 'சி' சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஆள்சேர்ப்பில் சலுகைகளும் உண்டு. ஆயினும் சான்றிதழுக்காக மட்டும் சேர்ந்து, முகாமுக்குப் போகாமல் நாள் கடத்துபவர்களுக்கு இதில் எதுவும் கிட்டாது.

அரக்கோணத்தில் உள்ள படைகளும் இதே அமைப்பைக் கொண்டவைதானா?

அரக்கோணம் வட்டாரத்தில் மூன்று வகைப் படைகள் இருப்பதால் இந்தக் குழப்பம் இயல்பே. ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படையின் விமானத் தளம். 1992-இல் பணியில் சேர்க்கப்பட்டது. அங்கே ஆட்கள் கம்பெனி, பிளட்டூன் என்று பிரிக்கப்படுவதில்லை. விமான அணி, பராமரிப்பு, தகவல்தொடர்பு என்று வேலையின் தன்மைக்கேற்ப இயங்குகிறார்கள். தக்கோலத்தில் பயிற்சி மையம் வைத்திருக்கும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது, ராணுவத்தைச் சேர்ந்ததன்று. அரக்கோணத்தில் உள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆம் பட்டாலியனும் அதே அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. அதற்கான ஆட்கள் துணை ராணுவப் படைகளிலிருந்து அனுப்பப்படுகிறார்கள். அந்தப் பட்டாலியன், தலா 45 பேர் கொண்ட 18 மீட்புக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு குழுவிலும் பொறியாளர், தொழில்நுட்பப் பணியாளர், மருத்துவ உதவியாளர், மோப்ப நாய்ப் பிரிவினர் ஆகியோர் இடம்பெறுவதால், வெள்ளத்திலோ கட்டட இடிபாட்டிலோ ஒரு குழு தலைமையகத்தின் உதவியின்றித் தனியே வேலையைத் தொடங்கிவிட முடியும்.